ஏற்றம் எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் நம் வீடுகளில் கோடை விடுமுறை நெருங்கினால் ஒரு பேச்சு அடிபடும். கிராண்ட் கேன்யன் போகலாமா, யோசெமிட்டி போகலாமா என்று மகனும் மருமகளும் திட்டம் போடுவார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, “நீங்க போயிட்டு வாங்க சாமி, நான் வீட்டைப் பாத்துக்கறேன்” என்பார். அவருக்கு மூட்டு தேய்ந்திருக்கும். அல்லது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டிருக்கும். வர வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. காடும் மலையும் நடக்கத் தெம்புள்ளவர்களுக்குத்தான் என்பது மனதில் ஊறிப்போனதால் அவர்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

என் அக்காவும் ஒதுங்கப் பார்த்தவர்தான். குழந்தையிலேயே போலியோ தாக்கியது. இடது காலில் கேலிப்பர், வீட்டுக்குள் ஊன்றுகோல், வெளியே போனால் சக்கர நாற்காலி. கோவையில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் இருக்கிறான். அங்கிருந்து கிராண்ட் கேன்யனின் தென் விளிம்புக்குக் காரில் நாலு மணி நேரத்துக்குள் போய்விடலாம். “எல்லாரும் எனக்காக நின்னு நின்னு வரணும். எனக்கு அது பிடிக்காதுடா” என்றார் அக்கா. மகன் வாதாடவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்காகப் பூங்கா நிர்வாகம் வெளியிட்டிருக்கும் வழிகாட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அக்கா அதை வரி விடாமல் படித்தார். எந்தக் காட்சி முனைக்குச் சக்கர நாற்காலி போகும், எந்தக் கழிப்பறைக்குள் நாற்காலியோடு நுழையலாம், எந்தப் பாதை தார் போட்டது, எது எங்கே செங்குத்தாகிறது என்று அதில் இருந்தது. படித்து முடித்துவிட்டு அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “ஏற்றம் எங்க இருக்குன்னு சொல்லியிருக்காங்க தம்பி. அப்பப் போகலாம்.”

இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு

கொலராடோ ஆறு அறுத்த பள்ளத்தாக்கு கிராண்ட் கேன்யன். நீளம் 446 கிலோமீட்டர், அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர், ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். 1919-ல் தேசியப் பூங்காவானது. கீழே ஆறு வரை இறங்கி ஏறுவது திடகாத்திரமான இளைஞர்களையே வாட்டி எடுத்துவிடும். வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மேலே விளிம்பில் இருந்தபடிதான் பார்க்கிறார்கள். விளிம்பில் நிற்கிறவருக்கும் உட்கார்ந்திருக்கிறவருக்கும் ஒரே பள்ளத்தாக்கு தெரிய வேண்டும் என்பதுதான் கேள்வி.

தெரிகிறதா? நம் ஊர் மலைகளில் காட்சி முனை என்ற பெயரில் நெஞ்சளவுக்குச் சுவர் எழுப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நிற்பவருக்கு அது பாதுகாப்பு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் சிமென்ட் மட்டுமே தெரியும். அமெரிக்க அரசு நிலங்களில் புதிதாகக் காட்சி முனை அமைத்தால், தரையிலிருந்து 32 அங்குலத்துக்கும் 51 அங்குலத்துக்கும் இடைப்பட்ட உயரத்தில் பார்வை மறைக்கப்படாத இடம் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் கண் அந்த மட்டத்தில்தான் இருக்கும். ஒரு விதியை எழுதியவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார் என்று தெரிகிறது அல்லவா, அங்கேதான் எனக்கு மரியாதை பிறக்கிறது.

தென் விளிம்பில் ஓடுகிறது ரிம் டிரெயில் என்ற பாதை. மொத்தம் 13 மைல். அதில் நல்ல தார்ப்பாதையாக இருக்கும் ஒரு பகுதியைக் ‘காலத்தின் பாதை’ என்று 2010-ல் திறந்தார்கள். யாவபாய் நிலவியல் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. தரையில் மீட்டருக்கு ஒன்றாகச் சின்ன வெண்கல வில்லைகளைப் பதித்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் என்பது பத்து லட்சம் ஆண்டு. பத்து மீட்டருக்கு ஒரு முறை பெரிய வில்லை, அதில் எண் இருக்கும். நாம் முன்னே போகப் போகக் காலம் பின்னே போகும். வழியோரம் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் எடுத்து வந்த பாறைகளை மேடை போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். தொடாதே என்ற பலகை அங்கே இல்லை. தொட்டுப் பார்க்கவே வைத்திருக்கிறார்கள்.

கூடப் போயிருந்த என்னை அக்கா தள்ள விடவில்லை. சக்கரத்தின் வெளி வளையத்தைப் பிடித்து அவரே தள்ளினார். ஒரு தள்ளுக்குச் சில பத்து லட்சம் ஆண்டுகள் கடந்தன. விளிம்பின் மேலடுக்கில் இருக்கும் கைபாப் சுண்ணாம்புப் பாறைக்கு 27 கோடி வயது. அதன் முன்னால் நின்று உள்ளங்கையைப் பதித்தார். சொரசொரவென்று இருந்தது. பாதையின் கடைசிப் பகுதியில் 184 கோடி ஆண்டுப் பாறை இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கிலேயே மிகப் பழையது அதுதான். ஆற்றின் மட்டத்துக்கு இறங்கிப் போகிறவர்கள்தான் அதை அதன் இடத்தில் பார்க்க முடியும். இறங்க முடியாதவர்களுக்காக ஒரு துண்டு மேலே வந்திருக்கிறது. பார்வையற்றவர்களுக்கு இந்தப் பாதையே பள்ளத்தாக்கு. விரலால் அடுக்கடுக்காகப் படித்துக்கொண்டு போகலாம்.

நடுவில் ஓரிடத்தில் அக்கா நிறுத்தினார். முன்னால் பாதை ஏறிக்கொண்டிருந்தது. வழிகாட்டியை எடுத்துப் பார்த்தார். “இந்த ஏற்றத்துல கை வலிக்கும். இங்க கொஞ்ச நேரம் உட்காந்துட்டு பஸ்ல போயிடலாம்” என்றார். நானும் அக்கா மகனும் பேசாமல் நின்றோம். அக்காவின் வாழ்நாளில் எத்தனையோ பேர் “உன்னால முடியாதும்மா” என்று அவருக்காக முடிவெடுத்திருக்கிறார்கள், பள்ளிச் சுற்றுலாவில் தொடங்கி. அன்றைக்கு அவர் வேண்டாம் என்று சொன்னது அவருடைய சொந்த முடிவு. கையில் கணக்கு இருந்ததால் எடுத்த முடிவு.

பூங்காவுக்குள் ஓடும் இலவசப் பேருந்துகளில் சாய்தளம் உண்டு. ஓட்டுநர் இறங்கி வந்து நாற்காலியை நாலு பக்கமும் பட்டையால் இறுக்கிக் கட்டி, அசைகிறதா என்று ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். நாற்காலி 30 அங்குல அகலம், 48 அங்குல நீளத்துக்குள் இருக்க வேண்டும் என்ற அளவையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பெரிய பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மார்ச் முதல் நவம்பர் வரை தனியார் வண்டிகளை விடாத ஹெர்மிட் சாலையில், நடமாட்டச் சிரமம் உள்ளவர்களின் காருக்கு மட்டும் தனி அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். நுழைவாயிலிலேயே கேட்டு வாங்கலாம். இதய நோயாளிகளுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். தென் விளிம்பு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். சமதளத்தில் நடந்தால்கூட மூச்சு வாங்கும்.

படியேறித் தவழ்ந்து வாங்கிய சட்டம்

இதெல்லாம் அமெரிக்க அரசு தானாகக் கனிந்து கொடுத்ததில்லை. கூட்டாட்சி அரசின் பணத்தில் கட்டும் கட்டடங்களில் எல்லோரும் நுழைய வழி இருக்க வேண்டும் என்று 1968-ல் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் எந்தத் திட்டத்திலும் உடல் குறைபாட்டைக் காட்டி ஒருவரை ஒதுக்கக்கூடாது என்று 1973-ல் இன்னொரு சட்டம், அதன் 504-வது பிரிவு. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் நான்கு ஆண்டுகளாக யாரும் கையெழுத்துப் போடவில்லை. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் அரசுக் கட்டடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். போலியோவால் நடக்க முடியாமல் போன ஜூடி ஹூமன் முன்னின்றார். மூன்று வாரங்களுக்கு மேல் வெளியே வரவில்லை. மருந்தும் உதவியாளரும் இல்லாமல் தரையில் படுத்துக் கிடந்தவர்களுக்கு, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சிக்காரர்கள் சமைத்த சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28-ல் கையெழுத்து விழுந்தது.

1990 மார்ச்சில் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் சக்கர நாற்காலிகளை விட்டுவிட்டு, மாற்றுத்திறனாளிகள் படிகளில் கையூன்றித் தவழ்ந்து ஏறினார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அதே ஆண்டு ஜூலை 26-ல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது.

அந்தச் சட்டத்துக்குள் காடு பற்றி ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது. 1964-ன் வனப்பகுதிச் சட்டம், கன்னிக் காடுகளுக்குள் இயந்திரத்தாலோ சக்கரத்தாலோ ஓடும் எந்த ஊர்தியும் நுழையக்கூடாது என்கிறது. சைக்கிளுக்குக்கூட அனுமதி இல்லை. அப்படியானால் சக்கர நாற்காலி? 1990 சட்டம் அதைத் தெளிவாக்கியது. வீட்டுக்குள் பயன்படுத்தத் தகுந்த சக்கர நாற்காலியில் வருகிறவர் எங்கும் போகலாம். அவர் நடந்து வருகிறவர்தான். அவருக்காகக் காட்டைத் திருத்த வேண்டிய கடமை நிர்வாகத்துக்கு இல்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. எனக்கு இந்த நேர்மை பிடித்திருக்கிறது. நாற்காலியைக் காலாக மதிக்கிறது, காட்டைக் காடாகவே விடுகிறது.

மூன்று அடி அகலம், ஐந்தடி இளைப்பாறும் இடம்

சாய்தளம் கட்டினால் போதாதா, இதில் என்ன கணக்கு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் எண்கள். 2013-ல் கூட்டாட்சி நிலங்களின் வெளிப்புறப் பாதைகளுக்காக ஒரு தரநிலை வந்தது. பாதை குறைந்தது 3 அடி அகலம் இருக்க வேண்டும். 20 அடி நீளத்துக்கு 1 அடி உயர்ந்தால் எவ்வளவு தூரமும் போகலாம். 12 அடிக்கு 1 அடி என்றால் ஒரே மூச்சில் 200 அடிக்கு மேல் கூடாது. 10 அடிக்கு 1 என்றால் 30 அடி. 8 அடிக்கு 1 என்றால் வெறும் 10 அடி. இந்த ஏற்றங்களுக்கு நடுவே குறைந்தது 5 அடி நீளத்துக்குச் சமதளம், மூச்சு வாங்கிக்கொள்ள. மண்ணாக இருக்கலாம், ஜல்லிப் பொடியாக இருக்கலாம். கெட்டியாக, அசையாமல் இருந்தால் சரி. காட்டுக்குள் சிமென்ட் கொட்ட வேண்டிய அவசியமே இல்லை.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொரு விதி. அந்தத் தரநிலைப்படி அமைக்கும் பாதையின் தொடக்கத்தில் தகவல் பலகை வைத்தால் அதில் ஐந்து விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். பாதையின் நீளம், தரை எப்படிப்பட்டது, வழக்கமான அகலமும் மிகக் குறுகலான இடத்தின் அகலமும், வழக்கமான ஏற்றமும் மிகக் கடுமையான ஏற்றமும், பக்கவாட்டுச் சரிவு எவ்வளவு. “சுலபம்”, “கடினம்” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் செல்லாது. யாருக்குச் சுலபம்? கேலிப்பர் போட்டவருக்கு ஏற்றத்தைவிட இறக்கம் கொடுமை. பக்கவாதம் வந்தவருக்குப் பக்கவாட்டுச் சரிவுதான் ஆளைச் சாய்க்கும். மூட்டு வலிக்காரருக்குத் தூரம் பிரச்சினை இல்லை, உட்கார பெஞ்சு இருக்கிறதா என்பதே பிரச்சினை. ஒவ்வோர் உடலுக்கும் ஒரு கணக்கு. அந்த உடலின் சொந்தக்காரருக்குத்தான் அது தெரியும். நிர்வாகம் செய்ய வேண்டியது அளந்து சொல்வது.

வேருக்கும் நல்லது, சக்கரத்துக்கும் நல்லது

மாற்றுத்திறனாளிகளுக்கு வழி செய்தால் இயற்கை கெட்டுவிடும் என்று படித்தவர்களே பேசக் கேட்டிருக்கிறேன். அவர்களை யோசெமிட்டி தேசியப் பூங்காவின் மாரிபோசா தோப்புக்கு அழைத்துப்போக வேண்டும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட ராட்சத செக்கோயா மரங்கள் உள்ள தோப்பு அது. அங்கிருக்கும் ‘கிரிஸ்லி ஜயன்ட்’ என்ற மரத்துக்குச் சுமார் 3,000 வயது. பல ஆண்டுகள் இந்தத் தோப்புக்குள்ளேயே கார் நிறுத்துமிடமும் தார்ச்சாலையும் இருந்தன. செக்கோயாவின் வேர் ஆழமாகப் போகாது, பரந்து படரும். அதன் மேல் தார் போட்டால் மரம் தண்ணீருக்குத் தவிக்கும். 2015-ல் தோப்பை மூடி, தாரைப் பெயர்த்தெடுத்து, கார் நிறுத்துமிடத்தை இரண்டு மைல் தள்ளிக் கொண்டுபோனார்கள். ஈரமான இடங்களில் வேரை மிதிக்காதபடி மரப்பலகைப் பாதையை உயர்த்திக் கட்டினார்கள். 2018 ஜூனில் மறுபடி திறந்தபோது மரங்களின் மூச்சு திரும்பியிருந்தது. சக்கர நாற்காலி போகும் பாதையும் கிடைத்திருந்தது. செலவு 4 கோடி டாலர். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை மாட்டிய வண்டி மட்டும் தோப்பு வரை வரலாம்.

அதே யோசெமிட்டியில் காது கேளாதவர்களுக்கான சேவை 1979-லேயே தொடங்கியது. முன்பே சொல்லிவைத்தால் ரேஞ்சரின் விளக்கவுரையைச் சைகை மொழியில் பெயர்த்துச் சொல்ல ஆள் வருவார். நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகையில் 750 அடி ஆழத்துக்கு மின்தூக்கி இறங்குகிறது. கொலராடோவின் கிரேட் சாண்ட் டூன்ஸ் பூங்காவில் மணலில் புதையாத பலூன் டயர் நாற்காலியை இலவசமாகவே இரவல் தருகிறார்கள்.

மாற்றுத்திறனாளிகளும் மலையும் என்றதும் பத்திரிகைகள் சாகசக் கதையைத்தான் தேடும். யோசெமிட்டியிலேயே அப்படி ஒருவர் உண்டு. 1982-ல் மலையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த மார்க் வெல்மன், பிறகு யோசெமிட்டியில் ரேஞ்சரானார். 1989-ல் நண்பர் மைக் கார்பெட் முன்னே ஏறிக் கயிறு கட்டிக் கொடுக்க, சுமார் 3,000 அடி உயரச் செங்குத்துப் பாறையான எல் கேப்பிட்டனைக் கை பலத்தால் மட்டுமே ஏறி முடித்தார். வணங்கத் தகுந்த மனிதர். ஆனால் மூட்டு வலியோடு மரம் பார்க்க வரும் ஒரு பாட்டியை வெல்மனின் அளவுகோலால் அளக்கக்கூடாது. மரம் பார்க்க ஆசைப்பட்டால் போதும், வீரம் தேவையில்லை என்ற நிலைமைதான் நாகரிகம்.

அமெரிக்காவில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றும் எழுத மாட்டேன். பழைய விடுதிக் கட்டடங்களில் குறுகல் கதவுகள் இன்னும் உண்டு. பெரும்பாலான மலைப் பாதைகள் சக்கரத்துக்கு எட்டாதவைதான், பனிக்காலத்தில் எட்டும் பாதையும் உறைந்துவிடும். நிரந்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கு வாழ்நாள் முழுக்க இலவச நுழைவு தரும் ‘ஆக்சஸ் பாஸ்’ குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். பிள்ளைகளால் கிரீன் கார்டு பெற்ற நம் பெரியவர்கள் பலருக்கே இது தெரியாது. அவர்கள் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டும், காரில் கூட வருகிறவர்களுக்கும் அதே அட்டையில் நுழைவு உண்டு. சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு அது கிடைக்காது. 2026 ஜனவரி முதல் கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி உட்பட 11 பூங்காக்களில் வெளிநாட்டவருக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வேறு போட்டிருக்கிறார்கள், இல்லாவிட்டால் 250 டாலர் ஆண்டு அட்டை. ஆனால் உள்ளே போன பிறகு பேருந்தின் சாய்தளமும் கழிப்பறையின் கைப்பிடியும் யாருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பதில்லை.

நம் காட்டு வாசலில்

ஊர் திரும்பிய அடுத்த குளிர்காலத்தில் அக்காவோடு நம் பக்கத்து மலைக்காடு ஒன்றுக்குப் போனோம். போகும் முன் தொலைபேசியில் கேட்டபோது, “வாங்க சார், பாத்துக்கலாம்” என்ற பதில்தான் கிடைத்தது. காடு சுற்றிக்காட்டும் வண்டியின் முதல் படி என் முழங்காலுக்கு மேல் இருந்தது. அங்கிருந்த ஊழியர்கள் நல்லவர்கள். தயங்காமல் ஓடிவந்து, இரண்டு பேராக அக்காவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். அறுபது வயதை நெருங்கிய ஒரு பெண்ணை, முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள், வண்டி நிறைய ஆட்கள் பார்த்திருக்கத் தூக்குவது எப்படி இருக்கும் என்பதை அக்காவின் முகத்தில் பார்த்தேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டே இருந்தார்.

காலையிலிருந்து அவர் தண்ணீர் குடிக்கவில்லை என்பது மதியத்துக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயம். நடக்க முடியாத நம் பெண்கள் பலர் பயண நாளில் இப்படித்தான் நாவறண்டு இருக்கிறார்கள். வீட்டு ஆண்களுக்கு இது தெரிவதே இல்லை. கழிப்பறையின் கதவு அகலம், உள்ளே மேற்கத்தியக் கோப்பை உண்டா, பக்கத்தில் பிடி உண்டா என்ற மூன்று விவரம் முன்னரே தெரிந்திருந்தால் அக்கா தண்ணீர் குடித்திருப்பார்.

தமிழ்நாட்டில் ஐந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன. கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலையின் இந்திரா காந்தி பூங்கா, மன்னார் வளைகுடா. மலையேற வேண்டிய முக்குருத்தியை எல்லோருக்கும் எட்டச் செய்யுங்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் கிண்டி நகரத்துக்கு நடுவே சமதளத்தில் இருக்கிறது. முதுமலையின் தெப்பக்காட்டில் காலையும் மாலையும் யானைகளுக்குக் கவளம் ஊட்டுவதைப் பார்க்க மலையேற வேண்டியதில்லை. கண்முன்னே யானை கவளம் வாங்குவதைப் பார்ப்பதற்கு ஒருவருக்கு வேண்டியது, வண்டி நிற்கும் இடத்திலிருந்து அங்கே வரை அசையாத தரையும், மறைக்காத தடுப்பும்.

செய்ய முடியாதது இல்லை என்பதற்குச் சென்னை மெரினாவே சாட்சி. 2022 நவம்பர் 27 அன்று மணலின் மேல் 263 மீட்டர் நீளத்துக்கு நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. பிறந்து வளர்ந்த ஊரின் கடலை அன்றுதான் அருகில் பார்த்தவர்கள் உண்டு. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் முனையைப் பிய்த்துப்போட்டது. கைவிடாமல் சரிசெய்தார்கள். மணலிலும் புயலிலும் முடிந்தது, கெட்டிச் செம்மண் தரையில் முடியாதா?

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொழுதுபோக்கில் சமமாகப் பங்கேற்பதை உரிமை என்கிறது. பொதுமக்கள் பொழுதுபோக்குக்காக வரும் கட்டடங்களையும் பொதுக் கட்டடம் என்றே வரையறுக்கிறது. ஆனால் அதன் கீழ் வந்த விதிகள் பல அளவுகளை வெறும் பரிந்துரையாக விட்டுவிட்டன. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-ல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அப்படிப் பரிந்துரையாக விட்ட விதி செல்லாது என்றது. குறைந்தபட்சத் தரங்கள் கட்டாயமாக இருக்க வேண்டும், அவற்றை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்று ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.

வனத்துறையிடம் நான் கேட்பது பெரிய நிதி ஒதுக்கீடு இல்லை. முதல் வேலையாக ஒரு அளவு நாடாவை எடுங்கள். உள்ளூர் மாற்றுத்திறனாளிகள் இருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள், சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர், கைத்தடியோடு வருபவர் ஒருவர். பூங்காவின் வாசலிலிருந்து கழிப்பறை வரை, வண்டி ஏறும் இடம் வரை, காட்சி முனை வரை அளந்து, தூரம் எவ்வளவு, தரை எப்படி, படி எத்தனை, படியின் உயரம் எவ்வளவு, எங்கே உட்காரலாம் என்று தமிழில் ஒரு பலகை எழுதி வாசலில் வையுங்கள். தொலைபேசி எடுப்பவரின் மேஜையில் அதன் நகல் ஒன்று இருக்கட்டும். முடியாத இடத்தை முடியாது என்றே எழுதுங்கள், அதில் எங்களுக்கு வருத்தமில்லை. வண்டியில் ஏற இரண்டு படி கொண்ட ஒரு மரப் பெட்டியும் கைப்பிடியும் உள்ளூர்த் தச்சரே செய்துவிடுவார்.

வாசகர்கள் அடுத்த முறை எந்தப் பூங்காவுக்குப் போனாலும், உங்கள் வீட்டில் யாருக்கும் குறை இல்லாவிட்டாலும், நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் இதை ஒரு முறை கேளுங்கள்: “சக்கர நாற்காலியில் வருகிறவர் எதுவரை போகலாம்?” பதில் இல்லை என்றால் வெளியே வந்ததும் அந்தக் கோட்ட வன அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இருக்கும் பொதுக் கட்டடங்களை எல்லோருக்கும் ஏற்றபடி மாற்ற, விதிகள் வந்த நாளிலிருந்து 5 ஆண்டு அவகாசம் கொடுத்தது சட்டம். விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு முடிந்தது 2022 ஜூனில்.